கஞ்சம் பூட்டிவைத்த மருந்து

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கஞ்சம்' என்று பெயர். மருந்தகத்தில்தான் வேலை, ஆனால் பாதி நாள் வார்டு வார்டாக ஏறி இறங்குவதிலேயே போகும். இந்த ஊசி இன்னும் எதற்கு ஓடுகிறது, கிருமி இன்னதென்று தெரிந்த பிறகும் அதற்கு மட்டும் போதுமான சின்ன மருந்துக்கு ஏன் மாற்றவில்லை என்று டாக்டர்களைக் குடைய வேண்டும். அதற்குத்தான் சம்பளம். மருந்தைக் கண்டபடி கொட்டினால் கிருமி பழகிப்போகும், பிறகு எதற்கும் அசையாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று. யார் காதில் ஏறுகிறது? எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஜென்மம் என்று எலும்பு டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அவளும் சிரித்துவைத்தாள். சண்டை போடத் தெம்பு வேண்டாமா? கால்வலி வேறு.

இந்த லட்சணத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரர், அவளுடைய அத்தான், அங்கேயே வந்து படுத்தார். குளிர்ஜுரம், இடுப்புவலி, சிறுநீரகத்தில் தொற்று. ரத்தமும் சிறுநீரும் லேபுக்குப் போயின. வழக்கமான ஊசியை ஆரம்பித்தார்கள். லேபில் கிருமி வளர்ந்து முகம் காட்டினால் அதற்கேற்ற மருந்து. அதுவரை பொறுக்க வேண்டும். அக்காவுக்கோ பொறுமை கிடையாது. வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கென்று கடைசி மருந்து ஒன்று மருந்தகத்தில் பூட்டிக் கிடக்கிறது, டாக்டரோடு தங்கையும் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும் என்று யாரோ அக்காவின் காதில் ஓதியிருந்தார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா புருஷனை நடுங்க விடுகிறாயே, நீயெல்லாம் ஒரு தங்கையா என்று வராந்தாவில் வைத்தே கேட்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. ரிசல்ட் வரட்டும் என்று மட்டும் சொன்னாள்.

ரிசல்ட் வந்தது. ஒன்றுமே வளரவில்லை, துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது என்றார் லேப்காரர். அத்தானுக்கோ ஜுரம் இறங்கவில்லை, பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. இவ்வளவு ஜுரத்துக்குக் காரணமான கிருமி எங்கே போய் ஒளிந்தது? அவளுக்குச் சுருக்கென்றது. அக்காவைத் தனியே கூட்டிப்போனாள்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை குடுத்தியா? மறைக்காம சொல்லு."

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"குடுத்தேன். உன் வீட்டுக்காரர்தான் தந்தார். அவருக்குப் பல்லுல சீழ் வச்சப்போ வாங்கினதுல நாலு மிச்சமாம். ஆஸ்பத்திரிக்காரி வீட்டு மாத்திரைதானேன்னு நம்பிக் குடுத்தேன்."

வலி விட்டதும் பாதியில் நிறுத்திவிட்டு மீதியைப் பத்திரப்படுத்தியிருக்கிறார் மனுஷன். முழுசும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டபோது தலையாட்டினாரே! அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த நாலு மாத்திரை கிருமியைக் கொல்லவில்லை. லேபில் பிடிபடாமல் செய்துவிட்டது, அவ்வளவுதான். அரைகுறையாய் அடித்துவிட்ட பாம்பு. இனி அது எந்தக் கிருமி என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. பழைய ஊசியை நம்பி இன்னும் காத்திருந்தால் அத்தான் தாங்குவாரா என்பதும் தெரியாது.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். மாத்திரை யார் வீட்டிலிருந்து போனது என்பதையும் சொன்னாள். அவர் அந்தக் கடைசி மருந்தை எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். குத்துமதிப்பாக மருந்து கொடுக்காதீர்கள் என்று இத்தனை காலம் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவள், பெயர் தெரியாத கிருமிக்குக் கையெழுத்துப் போட்டாள். வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அத்தான் தெளிவாகப் பேசினார், காபி கேட்டார். புது மருந்து வேலை செய்ததா, பழையதே மெல்லக் கேட்டதா, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்லயே குடுத்திருக்கலாம். இருந்தாலும் தங்கச்சி தங்கச்சிதான்."

விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். அக்கா அதற்குள் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் திரும்பி, பூட்டிவைத்திருக்கிற நல்ல மருந்தெல்லாம் இவள் கையில்தான், கெஞ்சிக் கேட்டால் தருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா உடனே எழுந்து அவளை நோக்கி வந்தாள்.