வலி தூரப்போன சனிக்கிழமை

நான் டென்மார்க்குக்கு வந்தது எண்பத்து நான்கின் கடைசியில். என் கணவர் ஒரு வருடம் முன்னதாகவே வந்து, ஹோர்சன்ஸில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அழுதார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதை வாசித்துவிட்டு யாரும் அவரைக் கெட்டவரென்று நினைத்துவிடக் கூடாது.

எங்களுக்குக் கலியாணமாகி அப்போது நான்கு வருடம். சேர்ந்திருந்த காலமெல்லாம், அவரோடு படுத்த ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. முதல் நாள் வலிக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். முதல் வருடம் முழுக்க வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மனதுக்குள் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுவேன். பத்துச் சொல்லி முடிப்பதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். அவர் அதை என் கூச்சம் என்று நினைத்தார். பெண்களுக்கு இது இப்படித்தான் என்று நான் நினைத்தேன்.

எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. என்னோடு வேலை செய்தவள் ஐம்பது கடந்த டேனிஷ்காரி. நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருப்பாள். நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துப் படுக்கை விரிப்புகளை மடிப்போம். என் டேனிஷ் மொழியில் பாதி அந்த விரிப்புகளுக்கு மேலாக அவளிடம் படித்ததுதான்.

ஒரு திங்கட்கிழமை நான் நடந்த விதத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன்: "புருஷன். அந்த நேரம். எப்போதும் நோவு." அவள் சிரிக்கவில்லை. விரிப்பைக் கீழே வைத்தாள்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு தனக்கும் அப்படித்தான் இருந்தது என்றாள். இரண்டு வருடம் தலையிடி என்று சொல்லியே தன் ஆளைத் தள்ளி வைத்திருந்தாளாம். பிறகு ஒருநாள் கொஞ்சம் ஹாஷ் புகைத்தாளாம். கஞ்சாப் பிசினை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள்.

"என் உடம்பு முழுக்க இறுக்கிப் பொத்திய கைபோல இருந்தது. அது விரிந்தது," என்று தன் கையை விரித்துக் காட்டினாள். "ஆனால் எல்லாருக்கும் அப்படியில்லை. என் தங்கைக்கு அதைப் புகைத்தால் நித்திரைதான் வரும். அவள் புருஷனுக்கு அதில் பெரிய கவலை."

எனக்குப் பயமாக இருந்தது. கஞ்சா என்றால் எனக்குத் தெரிந்தது, ஊரில் மீன்சந்தைக்குப் பின்னால் சிவந்த கண்களோடு குந்தியிருந்த ஆண்களும், அவர்களைக் கண்டதும் எங்களை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் அம்மாவும்தான். ஒரு பெண் அதை எடுப்பாள் என்பதும், இதற்காக எடுப்பாள் என்பதும் என் மண்டைக்குள் ஏறவில்லை. இங்கேயும் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று அவளே சொன்னாள். இரண்டு மாதம் யோசித்தேன்.

பனி கரைந்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். சின்னத் துணுக்கொன்றைக் குழாயில் வைத்துத் தந்தாள். மூன்று தரம் இழுத்தேன், இருமினேன். ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் தோள்கள் கீழே இறங்கின. அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு காலமும் நான் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரிந்திருக்கிறேன்.

மத்தியானம் வீட்டுக்கு நடந்தேன். அவர் வானொலியைத் திருத்திக்கொண்டிருந்தார். நானாகப் போய் அவர் கையைப் பிடித்தேன். அதற்கு முன்னர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நல்ல வெளிச்சம். வலி முற்றாக இல்லாமல் போகவில்லை. ஆனால் அது எங்கேயோ தூரத்தில், பக்கத்து வீட்டுச் சத்தம்போல இருந்தது. அந்த இடைவெளியில் வேறொன்று மெல்ல வந்தது. என் தோல் முதன்முறையாக என்னுடையதாக இருந்தது. என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது. பிறகு சிரித்தேன், அழுதேன். இருபத்தெட்டு வயதில், இதுதானா அது என்று நினைத்தேன்.

அவருக்கும் சந்தோசம்தான். கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கை நின்றது.

"இஞ்சாரும், இண்டைக்கு என்ன நடந்தது உமக்கு?"

அந்த இளக்கத்தில் எனக்கு எதையும் மறைக்கத் தோன்றவில்லை. ஹாஷைச் சொன்னேன். சலவைக்கூடத்துச் சிநேகிதியைச் சொன்னேன். வலியைச் சொன்னேன். கஞ்சாவுக்குத்தான் ஏசப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து சட்டையைப் போட்டார்.

"அப்ப இவ்வளவு காலமும்? நான் தொட்ட நேரமெல்லாம் நீர் நொந்துகொண்டோ கிடந்தனீர்?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத் தெரியேல்லை."

வெளியே போய்ச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஜன்னலால் பார்த்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தொடவில்லை. அந்தச் சனிக்கிழமையைத் திருப்பிக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பினேன். இன்னொரு நாள் சிநேகிதி வேண்டாமென்று தடுக்கத் தடுக்க அதிகமாக இழுத்தேன். நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. சுவர்கள் கிட்ட வந்தன. ஊரில் எங்கள் ஒழுங்கைக்குள் ஆமிக்காரர் துவக்குகளோடு வந்த நாளின் சப்பாத்துச் சத்தம் காதுக்குள் கேட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, அவர் வேலையால் வந்ததும் கட்டிப்பிடித்தேன். என் தலைமயிரில் ஹாஷ் மணம் இருந்திருக்க வேண்டும்.

"கஞ்சா இல்லாமல் என்னைத் தொட ஏலாதோ உமக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மிக மெதுவாகக் கேட்டார்.

சிநேகிதிதான் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மொழிபெயர்க்க ஒரு தமிழரைக் கூப்பிடலாம் என்றார்கள். வரக்கூடியவர் என் கணவரோடு சீட்டுக் கடதாசி விளையாடுகிறவர். வேண்டாம் என்றேன். டொக்டர் இளம் பெண். சோதித்துப் பார்த்துவிட்டு, பயத்தில் தசை தானாக இறுகுகிறது, இது உன் குற்றமுமில்லை, அவர் குற்றமுமில்லை என்றாள். மெதுவாகச் செய்யவேண்டிய பயிற்சிகள் இருக்கின்றன, மாதக்கணக்கில் ஆகும், கணவரும் வந்தால் நல்லது என்றாள். ஹாஷைப் பற்றிக் கேட்டேன்.

"சிலருக்கு அது இளக்கலாம். சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டலாம். உனக்கே இரண்டும் நடந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் சரியாகத் தெரியாது. பெண்களிடம் யாரும் பெரிதாகக் கேட்டுப் பார்த்ததில்லை."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"டொக்டருக்கு முன்னாலை நான் போய் என்னத்தைச் சொல்லுறது? பெண்சாதியை நாலு வருஷம் நோகப்பண்ணினனான் எண்டோ?"

"அது உங்கடை பிழையில்லை எண்டு அவவே சொன்னவ."

"எனக்குத் தெரியாமல் போச்சே. அது ஆருடைய பிழை?"



இலையுதிர் காலத்தில் அவர் தலைநகருக்குப் பக்கத்திலிருந்த டோஸ்ட்ருப்புக்குப் போனார். அங்கே அவருடைய ஒன்றுவிட்ட அண்ணை வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னாராம். ரயில் நிலையத்தில் சோற்றுப் பார்சலைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"உம்மிலை கோவமில்லை," என்றார். "கிட்ட வர நினைச்சாலே பயமாக் கிடக்கு. திரும்பவும் நோகப்பண்ணிப்போடுவன் எண்டு."

முதலில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்தார். பிறகு மாதத்துக்கு ஒருதரம். பிறகு தொலைபேசி மட்டும்.

நான் பயிற்சிகளை விடாமல் செய்தேன். எட்டு மாதம், பூட்டிய அறைக்குள், தனியாக. ஹாஷைப் பிறகு தொடவில்லை. கெட்டதென்று அல்ல, பயந்துபோனேன். ஒருநாள் அந்தச் சனிக்கிழமை வந்த சுகம் திரும்பவும் வந்தது, புகையில்லாமல், யாருமில்லாமல். அன்று நான் சிரிக்கவில்லை. கட்டிலின் மற்றப் பாதியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அவருக்குத் தொலைபேசி அடித்தேன்.

"எனக்கு இப்ப நோகிறேல்லை," என்றேன்.

வாறன் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"சந்தோசம்," என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு, "இஞ்சை ஒரே மழை. அங்கை எப்பிடி?"

"இஞ்சையும் மழைதான்," என்றேன். ஹோர்சன்ஸில் அன்று நல்ல வெயில்.