டயர்க் காற்றை இறக்க மனசு வராத ஒரு வேன்காரியின் காஹாங் பயணம்

போன பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, நான் காஹாங் காட்டுப்பாதைக்கு ஜீப் ஓட்டிப் போனது ஒரு எண்ணுக்காக. மரம், ஆறு, பறவை எல்லாம் அப்புறம்தான். ஜீப்பைத் தயார் பண்ண மூன்று வாரம், பாதையில் ஐந்து மணி நேரம். நீங்களும் ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு இந்த மாதிரி யோசனையில் இருந்தால், நான் பட்டதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் ரீத்தா. ஸ்கூடாயில் பதினான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் சேவியருக்கு சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசி வந்தால் ஜீப்பும் சேறும்தான் உலகம். அவர் இருக்கும் குழுவில் பத்து வண்டிகள், பத்து எண்கள். பாதையில் அரை மணிக்கு ஒரு தடவை குழுத் தலைவர் வாக்கி டாக்கியில் எண்களைக் கூப்பிடுவார். அவரவர் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். காட்டுக்குள் யாரும் பின்தங்கித் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எண் இல்லாத புது வண்டியை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதைக் கூட்டிவந்தவரே சேர்த்துச் சொல்லிவிடுவார்: "ஏழு இருக்கேன், கெஸ்ட்டும் இருக்கு."

அந்த ஏழு என் வீட்டுக்காரர். அந்த "கெஸ்ட்டும் இருக்கு" நான்.

"இருக்கு"வாம்! கூலர் பெட்டியைச் சொல்கிற மாதிரி. ஐந்து வருடம் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். இந்த வருடம் சொந்தமாக ஜீப் வாங்கி, சேறில்லாத இரண்டு சின்னப் பயணம் அவர் பின்னாலேயே ஓட்டியும் ஆயிற்று. இருந்தும் "இருக்கு"தான். வேனில் தினமும் இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கிற என்னை, யாரோ ஒருவர் சேர்த்துச் சொல்வதா? பற்றிக்கொண்டு வந்தது.

குழுவின் விதி எளிது. மூன்றாவது பயணத்தில், வேறு வண்டி கயிறு கட்டி இழுக்காமல் முழுப் பாதையையும் முடித்தால் எண் கிடைக்கும். ஒரே ஒரு தடவை கயிறு கட்டினாலும் இன்னும் ஒரு வருடம் கெஸ்ட். சேவியரும் நானும் அதோடு ஒரு பந்தயமும் போட்டோம்: எனக்கு எண் கிடைத்தால் வருடம் முழுக்க காப்பி அவர் வேலை, கிடைக்காவிட்டால் என் வேலை.

ஜீப்புக்குப் பத்தொன்பது வயசு. ஆயர் ஈத்தாமில் பானைக் கடை வைத்திருந்த ஒருவரிடம் வாங்கியது. பின் சீட்டைக் கழற்றியபோது அரை வாளி மண் ஓடு கிடைத்தது. இன்றைக்கும் பிரேக் அடித்தால் எங்கிருந்தோ ஒரு துண்டு உருண்டு வரும்.

முதல் வாரம் தண்ணீர் சம்பந்தமான வேலை. ஆற்றைக் கடக்கும்போது முன் பின் ஆக்சில்களுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க, ஆக்சில் மூச்சு விடும் ப்ரீதர் குழாயை நீட்டி எஞ்சின் பக்கம் உயரத்தில் சேவியரும் நானும் கட்டினோம். ரப்பர் குழாயும் கிளிப்பும் சேர்த்து 35 வெள்ளி, அதாவது ரிங்கிட். வண்டித் தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டேன். ஒன்றைக் காணோம். அதைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். விலை இரண்டு வெள்ளி, டோல் அதற்கு மேல்.

இரண்டாவது வாரம் எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், ஆக்சில் எண்ணெய் எல்லாம் மாற்றினேன். 310 வெள்ளி. ஃபேன் பெல்ட்டில் கீறல் இருந்தது, அதையும் மாற்றினேன். சேற்று டயர் நான்கும் செகண்ட் ஹேண்ட், 1,200 வெள்ளி. பேட்டரியைக் கையால் ஆட்டிப் பார்த்தால் விழப்போகிற பிள்ளைப் பல் மாதிரி ஆடியது. புது இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வண்டிச் சோதனை. குழுத் தலைவர் ஹாஜா பாய் ஸ்கூடாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். எண் ஒன்று. அவர் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் பத்து வண்டியும் என் ஜீப்பும் வரிசையாக நின்றன. பாய் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள். வண்டியில் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்து ஆட்டுவார்.

"கையில ஆடுறது காட்டுல பறக்கும்," என்று சொல்லி, என் அடுப்பு, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, மூன்றடுக்கு டிஃபன் கேரியர், குடை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்.

"குடை எதுக்கு தங்கச்சி?"

"மழை வந்தா பாய்?"

"மழை வந்தா நனையணும் லா. அதுக்குத்தானே போறோம்."

அப்புறம் குனிந்து பின் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு இரும்பு வளையம் இருந்தது. அதுதான் கயிறு மாட்டும் கொக்கி என்று நான் நினைத்திருந்தேன். "அலமாக்! இது கப்பல்ல வண்டிய ஏத்தும்போது கட்டுற வளையம். இதுல கயிறு மாட்டி இழுத்தா பிய்ச்சிட்டு வந்து ஆளை அடிக்கும்," என்றார். சேஸியில் போல்ட் போட்ட சரியான கொக்கி இல்லாமல் வண்டி காட்டுக்கு வரக் கூடாதாம். திங்கள் முதல் மூன்று நாள் ஜீப் வர்க்‌ஷாப்பில் நின்றது. 220 வெள்ளி. புதன் சாயங்காலம் கொக்கியைப் படம் எடுத்து பாய்க்கு அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் பதிலாக வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை 5:40க்கு ஸ்கூடாயை விட்டோம். ஆயர் ஈத்தாம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 6:50க்கு அங்கே ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும். நான் இரண்டு ரொட்டி, சேவியர் நான்கு. குளுவாங்கில் எண்ணெய் ஊற்றி டாங்கியை நிரப்பினோம். அதற்கு அப்புறம் காட்டுக்குள் ஒன்றும் கிடையாது. காஹாங் வந்து சேரும்போது மணி 8:35. அங்கிருந்து செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் அரை மணி. தோட்டத்து அனுமதிக் கடிதத்தை பாய் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். 9:10க்குப் பாதையின் வாசல்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன்.

சேற்றுப் பாதைக்குள் போகும் முன் டயர்க் காற்றைப் பாதியாக இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். பாய் வாக்கி டாக்கியில் சொன்னார்: "எல்லாரும் பதினாறுக்கு இறக்குங்க." என் டயரில் முப்பத்திரண்டு இருந்தது. எனக்கும் இதெல்லாம் தெரியும். ஐந்து வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததுதானே. ஆனால் பதினான்கு வருடமாக விடிகாலையில் எழுந்து நான் பண்ணும் முதல் வேலை வேன் டயருக்குக் காற்று பார்ப்பது. பிள்ளைகள் ஏறுகிற வண்டி. ஒரு டயர் கொஞ்சம் அமுங்கினாலும் வண்டியை எடுக்க மாட்டேன். இப்போது வேண்டுமென்றே இறக்கச் சொன்னால் கை வருமா?

குனிந்தேன். காற்று மானியை மாட்டினேன். புஸ்ஸென்ற சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது. இருபத்தெட்டு வந்ததும் போதும் என்று மூடிவிட்டேன். நான்கு டயருக்கும் இதே கதை.

பாய் எண்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "பதினாறு, ரெடி" என்றார்கள். நான் டயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த சேவியர், "ஏழு ரெடி, கெஸ்ட்டும் ரெடி," என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாய்ப் போயிற்று என்று நானும் கமுக்கமாக இருந்துவிட்டேன். எவ்வளவு பெரிய மக்கு நான்!

முதல் ஏழு கிலோமீட்டர் அமர்க்களம். ஒரு ஆறு, முட்டிவரை தண்ணீர். ப்ரீதரும் ரப்பர் மூடிகளும் காப்பாற்றின, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஜீப் தண்ணீருக்குள் இறங்கி மறு கரையில் ஏறியபோது நான் ஓவென்று கத்தினேன். தலைக்கு மேலே இருவாச்சி ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது. சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

12:05க்குச் செம்மண் ஏற்றம் வந்தது. நாற்பது மீட்டர்தான். முந்தின நாள் மழையில் நனைந்து வெண்ணெய் மாதிரி இருந்தது. சேவியர் ஏறிவிட்டார். அடுத்தது நான். பாதி தூரம் போனதும் நான்கு சக்கரமும் சும்மா சுற்றியது, வண்டி வழுக்கிக் கீழே வந்தது. இரண்டாவது தடவை இன்னும் வேகமாக அடித்தேன். முதல் தடவை போன தூரம்கூடப் போகவில்லை. மூன்று தடவைக்கு மேல் யாரையும் விட மாட்டார்கள், பாதை பாழாகிவிடும். ஹாஜா பாய் மேலேயிருந்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்கி வந்தார். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாய் என்னைப் பார்க்கவில்லை. டயரை ஒரு உதை உதைத்தார். நின்றார். இன்னொரு உதை.

"தங்கச்சி, காத்து எவ்வளவு?"

பொய் சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் மானி அவர் சட்டைப் பையிலும் இருந்தது.

"இருபத்தெட்டு, பாய்."

"எவ்வளவு?"

"இருபத்தெட்டு. இறக்க மனசு வரல. வேன் ஓட்டி ஓட்டிப் பழகிப்போச்சு."

வாக்கி டாக்கியின் பொத்தான் அவர் கையில் அமுங்கியே இருந்தது. மலை முழுக்கச் சிரிப்பு. அதற்கு நடுவே மேலேயிருந்து சேவியர் குரல்: "பாய், தப்பு என்னுது. பார்க்காமலே ரெடின்னு சொல்லிட்டேன்." எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

பாய் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவை இருக்கு. இறக்கு. கயித்த நான் கையிலேயே வச்சிருக்கேன்," என்றார்.

சேற்றில் மண்டி போட்டேன். இருபத்தெட்டு, இருபத்தி நாலு, இருபது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் புஸ்ஸைக் கேட்டேன். பதினெட்டில் கை தானாக மூடப் போனது. பாய் பக்கத்தில் நின்று, "பிள்ளைங்க யாரும் வண்டியில இல்ல தங்கச்சி," என்றார், ரொம்ப மெதுவாக. அதற்கப்புறம் பதினாறு வரை நானே எண்ணி இறக்கினேன். டயர் சோற்றுப் பொட்டலம் மாதிரி பிதுங்கி உட்கார்ந்தது. நான்கையும் முடிக்கப் பன்னிரண்டு நிமிடம்.

மெதுவாக இழுக்கும் லோ ரேஞ்ச், முதல் கியர். ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே இல்லை, தொட்டேன். ஜீப் அவசரமில்லாமல், மூட்டை தூக்கும் ஆள் படி ஏறுவது போல ஒவ்வொரு அடியாக ஏறியது. பாதியில் ஒரு தடவை பின்பக்கம் இடது புறமாக ஒதுங்கியது. காலை எடுக்கவில்லை. டயர் மண்ணைக் கவ்வியது. மேலே சேவியர் தொப்பியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, முதலில் முதுகில் ஒன்று போட்டேன். அப்புறம்தான் கட்டிப்பிடித்தேன்.

மீதி ஏழு கிலோமீட்டரில் ஒரு தொல்லையும் இல்லை. 2:20க்குத் தார்ச் சாலை. பாய் வைத்திருந்த பம்ப்பில் எல்லோரும் காற்றடித்துக்கொண்டோம். முப்பத்திரண்டு ஏறியதும் எனக்குப் போன உயிர் வந்தது. 3:30க்கு மெர்சிங் போய், படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம்.

மீன் பொரிந்து வருவதற்குள் உங்களுக்குச் சிலது. தயாரிப்பை மூன்று வாரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்; என் கொக்கி மாதிரி ஒன்று கடைசியில்தான் கண்ணில் படும். கனமான சாமானைக் கீழே வைத்துக் கட்டுங்கள், கூரையில் ஏற்றாதீர்கள். நீளக் காலுறை போடுங்கள், அட்டை உண்டு. காற்று மானி 25 வெள்ளி, சொந்தமாக வாங்குங்கள். தனி வண்டியாகப் போகவே போகாதீர்கள். தோட்டத்து அனுமதி இல்லாமலும் போகாதீர்கள். நான் ஜீப்புக்குச் செலவழித்தது மொத்தம் 1,840 வெள்ளிக்குப் பக்கம், வண்டி விலை சேர்க்காமல். அப்புறம், தலைவர் பதினாறு என்றால் பதினாறு. மனசு வரவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். மூடிக்கொண்டு உட்கார்ந்ததால்தான் என் மூக்கு உடைந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பாய் எழுந்தார். "கயிறு கட்டல. விதிப்படி பாஸ்," என்றார். எல்லோரும் தட்டியதில் மேசை அதிர்ந்தது. "ஆனா இன்னைலேர்ந்து புது விதி. கெஸ்ட்டுக்காக யாரும் பதில் சொல்லக் கூடாது. கெஸ்ட்டே சொல்லணும். புரியுதா, ஏழு?" சேவியர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் காப்பி சொல்லப் போனார். பாய் என் கதவில் ஸ்டிக்கரை ஒட்டினார். பதினொன்று. கொஞ்சம் கோணல். நான் சரிபண்ண விடவில்லை.

ஐந்து மணிக்குக் கோத்தா திங்கி வழியாக வீட்டுக்குக் கிளம்பினோம். ஸ்கூடாய் இரண்டரை மணி நேரம். மெர்சிங் தாண்டியதும் வாக்கி டாக்கி கரகரத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வந்தன. "ஏழு?" "ஏழு இருக்கேன்," என்றார் சேவியர். அதோடு நிறுத்திவிட்டார். எட்டு. ஒன்பது. பத்து.

"பதினொண்ணு?"

மூன்று வாரமாக இதற்கான ஒரு வார்த்தைப் பதிலைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தவள் நான். நாள் முழுக்க வாய் ஓயாதவள். பொத்தானை அமுக்குகிறேன், குரல் வரவில்லை.

"பதினொண்ணு?" பாய் மறுபடி கேட்டார்.

எனக்கு முன்னால் போன சேவியரின் வண்டியில் பிரேக் விளக்கு எரிந்தது. வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். வாக்கி டாக்கி அவர் கையில் இருக்கிறது. என் சார்பில் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய மனுஷன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"இருக்கேன் பாய்," என்றேன். "பதினொண்ணு இருக்கேன்."