நூல்கண்டு அக்காவின் சுரை விதை

என் அத்தையை அந்தப் பகுதியில் எல்லாரும் நூல்கண்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுரைப்பூ சாயங்காலத்தில் விரியும். அந்த நேரம் பார்த்து அத்தை கொடிகளுக்கிடையே குனிந்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, வேறெதுவும் உள்ளே நுழையாதபடி இதழ்களை நூலால் கட்டிவிடுவாள். அப்படிக் கட்டிய பூவில் முற்றிய காயின் விதைதான், மருந்தடிக்காமல் பயிர் செய்யும் குழுவில் எல்லாத் தோட்டங்களுக்கும் போகும். வேறு யாரும் சுரை விதை சேர்த்து வைக்கக் கூடாது, கலந்துவிடும் என்பது அவள் போட்ட சட்டம். ஒளித்து வைத்திருந்த விதையைக் கண்டுபிடித்துக் கோழிக்கு இறைத்ததும் உண்டு.

"சொந்த மாமியார்கூட இவ்வளவு காவல் காக்க மாட்டாங்க" என்பார் அங்கிருந்த தச்சர் ஒருவர்.

அந்தத் தச்சர் தன் பட்டறைக் கூரையில் குடுவைச் சுரை ஏற்றியிருந்தார். கசப்புக் காய், யாரும் தின்பதில்லை. காயவைத்துத் துளை போட்டுத் தோட்டந்தோறும் தொங்கவிட்டார். குருவிகள் கூடு கட்டின, புழுத் தொல்லை குறைந்தது. குழுவுக்கு ஒரே சந்தோஷம்.

போன வருடம் அத்தை வழுக்கி விழுந்ததில் வலது கை முறிந்தது. பூக்கட்ட ஒரு கை போதாது. பக்கத்துத் தோட்டத்துக் கொத்தனாரின் மனைவி, தான் கட்டித் தருவதாக வந்து நின்றாளாம். உனக்கு இதெல்லாம் வராது என்று அத்தை திருப்பி அனுப்பிவிட்டாள். தச்சரின் கசப்புக் கொடி எங்கோ தூரத்தில் இருக்கிறது, ஒரு வருடம்தானே என்று பூக்களைத் திறந்தே விட்டாள். மகரந்தம் சுமக்கும் அந்திப் பூச்சிக்கு அதெல்லாம் ஒரு தூரமா? அந்த வருடக் காயில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. விதைக்குள் போய் உட்கார்ந்திருந்தது கசப்பு.

இந்த வருடம் முதல் காயைப் பறித்துச் சமைத்தவள் கொத்தனாரின் மனைவி. கசந்திருக்கிறது. மருந்தடிக்காத காய் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், வீணாக்கக் கூடாது என்று முழுவதையும் சாப்பிட்டிருக்கிறாள். ரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

நான் ஊர்சுற்றி முடித்து வந்து இறங்கியது அப்போதுதான். காய்களைத் தரம்பிரிக்கும் கொட்டகையில் குழு கூடியிருந்தது. தச்சர் கூரைக் கொடியை வெட்டிப் போட்டுவிட்டு, எல்லாம் என்னால் வந்தது என்று தலைகுனிந்து நின்றார். மற்றவர்களும் அதை நம்பத் தயாராக இருந்தார்கள். அத்தை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

"அவரை விடுங்க. அங்க கொடி இருக்கிறது எனக்குத் தெரியும். பூவைக் கட்டாம விட்டது நான். கட்ட வந்தவளைத் துரத்தினதும் நான்தான்" என்றாள்.

யாரிடமாவது பழைய விதை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். "கோழி வயித்துல தேடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஒவ்வொரு கொடியிலும் ஒரு காயைக் கீறி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்ப வேண்டும். கசந்தால் வேரோடு பிடுங்க வேண்டும். கசக்காத கொடியில் கலப்பு இல்லை, அதில் பூக்கட்டினால் பழைய விதை பிழைக்கும். அத்தை தோட்டம் தோட்டமாகப் போனாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர்க் குடத்தோடு நான் பின்னால் நடந்தேன். அவள் தோட்டத்தில் ஒரு கொடிகூட மிஞ்சவில்லை. மற்ற இடங்களிலும் அப்படித்தான். கடைசியாக இருந்தது கொத்தனாரின் தோட்டம். அவர் படலைத் திறக்கவில்லை.

"என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியிலேர்ந்து வரட்டும். அவ சொன்னாத் திறக்கிறேன்."

அவள் இளைத்துப்போய் வீடு திரும்பியபின் அத்தை மறுபடி போனாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கசப்பு பட்டுப் பட்டு நாக்கு தடித்திருந்ததால் பேச்சும் சரியாக வரவில்லை. கொத்தனாரின் மனைவி படலருகே வந்தாள்.

"வந்து ருசி பாருங்கக்கா. கசக்காத கொடின்னா பூவை நான் கட்டிக்கறேன்" என்றாள். பிறகு, "விதை உங்க வீட்டுக்கு வராது. கேக்கிற வீட்டுக்கெல்லாம் நானே குடுப்பேன். அவங்கவங்க வெச்சுக்கட்டும்" என்றாள்.

அத்தை படலைப் பிடித்தபடி நின்றாள். சரி என்று சொல்ல அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.