மல்லாட்டைக் கிடங்கில் நின்றுபோன பாட்டு

கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டைக் கிடங்கு இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வியாபாரம் நின்று பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தை 2005இல் என் நண்பன் வாடகைக்கு எடுத்தான். அவனுக்கு செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஞாயிறுதோறும் காலையில் சர்ச்சில் கிதார் வாசித்துவிட்டு, மதியம் மூன்று மணிக்குக் கிடங்கைத் திறப்பான். யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம், பாடலாம், வரைந்த படத்தைச் சுவரில் மாட்டலாம். வாசலில் போர்டு கிடையாது. கிடங்கு என்றால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிதம்பரத்திலிருந்து காலேஜ் பசங்கள் டிரம்ஸைப் பஸ்ஸின் கூரையில் கட்டி எடுத்து வருவார்கள். பக்கத்து ஊரிலிருந்து பறை அடிக்கிற மூன்று பேர் வருவார்கள். ஒருமுறை எலக்ட்ரிக் கிதார் உச்சத்தில் இருந்தபோது கரண்டு போய்விட்டது. இருட்டில் பறைக்காரர்கள் அதே தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கரண்டு திரும்பி வந்த பிறகும் யாரும் கிதாரைத் தொடவில்லை. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்போம். எவ்வளவு கழுவியும் மல்லாட்டை வாசனை போகவில்லை. ஏழு மணிக்கெல்லாம் பூட்டிவிடுவோம். மறுநாள் காலை அவனுக்கு முதல் ஷிப்ட்.

நான் அப்போது ஒரு நாளிதழின் கடலூர் நிருபர். மஞ்சக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. ஒயர் சுற்றுவேன், டீ வாங்கி வருவேன், கூடவே இருப்பேன்.

என் தங்கை சிதம்பரத்தில் அம்மாவோடு இருந்தாள். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அவளை முதன்முதலில் கிடங்குக்கு அழைத்துப் போனது நான்தான். வந்த அன்றைக்கு ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த மாதம் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள். அவளே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களைப் பற்றியது. முதல் இரண்டு வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு அடங்கிவிட்டது. துண்டுகூட இல்லாமல் கடைசிவரை நின்றுகொண்டே வருகிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டாக அது மாறியிருந்தது. வீட்டில் இருபது வருஷம் கூடவே வளர்ந்தவள் இப்படிப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்?

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தாள். கிடங்கில் அவள் பாட்டைக் கேட்கவென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

2007இல் கம்மாபுரம் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம், நல்ல உத்தியோகம். பெண் பார்த்துவிட்டுப் போன நாலாம் நாள் மாப்பிள்ளையின் சித்தப்பா அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். உங்கள் பெண் கடலூரில் ஏதோ கிடங்கில் ஆம்பளைப் பசங்களோடு பாடுகிறதாமே என்று கேட்டிருக்கிறார். அம்மா அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டு, நீதானே கூட்டிக்கொண்டு போனாய், நீயே நிறுத்து என்று சொல்லிவிட்டாள்.

தங்கையிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அதில் என்ன தப்பு என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தப்பு இல்லை என்று அந்தச் சித்தப்பாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து எட்டு வரியில் ஒரு செய்தி எழுதினேன். முதுநகரில் பாழடைந்த கிடங்கு ஒன்றில் இளைஞர்களும் இளம்பெண்களும் இரவு வெகுநேரம் வரை கூடிக் கும்மாளமிடுவதாக அப்பகுதி மக்கள் புகார் தெரிவிக்கின்றனர் என்று. அப்பகுதி மக்களில் ஒருவர்கூட என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த மக்கள் நான்தான். செய்தியில் நிருபர் பெயர் வராது. வியாழக்கிழமை அச்சில் வந்தது.

அதைப் பார்த்து நண்பன் பயந்து தானாகவே கொஞ்ச நாள் மூடி வைப்பான் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அவன் மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி நான் அறையிலேயே படுத்துக்கொண்டேன். தங்கையை வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கிடங்குக்குப் போலீஸ் போனது. யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. உள்ளே இருந்தவர்களின் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அதில் என் தங்கையும் ஒருத்தி. மறுநாள் கட்டடத்துக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்டார். இரண்டு வருஷம் நடந்தது ஒரே நாளில் முடிந்துபோனது.

அந்த வரனும் கூடிவரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

தங்கை கிடங்கைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. 2009இல் காட்டுமன்னார்கோயிலில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர். அடுத்த வருஷம் என் நண்பனுக்குக் கல்யாணம். எங்கள் இருவருக்கும் பத்திரிகை வைத்தான். நான் போய் முதல் பந்தியில் பிரியாணி சாப்பிட்டு வந்தேன். அவள் போகவில்லை.

2012இல் ஒருநாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நண்பனைப் பார்த்தேன். டீ குடித்தோம். என்ன தோன்றியதோ, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் செய்தி நான் எழுதியது என்று சொன்னேன். அவன் முகம் மாறவில்லை.

"படிச்ச அன்னைக்கே தெரியும் மச்சான். அந்தக் கெடங்க அவ்ளோ நல்லா தெரிஞ்ச நிருபர் வேற யாரு?"

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன். கல்யாணத்துக்கு வந்தப்பகூட பார்த்தேன். நீ சாப்புட்டுப் போயிட்ட." டீக்குக் காசு கொடுத்தான். "எங்கிட்ட சொன்னது போதும். தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன். அவன் கடலூர் பஸ்ஸில் ஏறிப் போனான்.

அந்த வாரமே காட்டுமன்னார்கோயில் போனேன். தங்கையின் கணவர் பள்ளிக்கூடம் போயிருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வரன், சித்தப்பாவின் போன், எட்டு வரி, வராத காய்ச்சல். அவள் கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"பேர எழுதும்போது அந்தப் போலீஸ்காரரு, பாட்டு பாடுற பொண்ணு நீதானான்னு கேட்டாருண்ணா. நான் வந்து பாடுனதாலதான் மூடிட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அவுங்க ஆசையா நடத்துனத நான் கெடுத்துட்டேன்னு. அதான் அந்த அண்ணன் கல்யாணத்துக்குக்கூட போவல. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவேன்?"

கிடங்கை மூடவைத்ததற்கு என்ன கேட்டாலும் தாங்கிக்கொள்வது என்று மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். என் தப்பை ஐந்து வருஷமாக அவள் தன் தப்பு என்று சுமந்துகொண்டிருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அத்தனை வருஷமும் நான் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அதுதான் இரண்டாவது குற்றம், முதலாவதைவிடப் பெரியது. மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு நண்பனின் போன் நம்பரைக் கேட்டாள். கொடுத்தேன். உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை, நடுவில் ஒருமுறை அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது. குழந்தை விழித்துக்கொண்டது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்தவள் சோறு போட்டாள். சாப்பிட்டேன். என்னோடு இன்றைக்கும் நன்றாகத்தான் பேசுகிறாள். இப்போது பாடுகிறாயா என்று மட்டும் நான் கேட்டதில்லை, அவளாகவும் சொன்னதில்லை.