தீர்த்தம் பட்ட பெட்டி

பிலோமினா சித்திக்கு ஏலக்காயைத் தொட்டாலே பருவம் தெரியும். லேப்டாப் என்றால் மூடி இருக்கிறது, திறந்தால் வெளிச்சம் வருகிறது, அவ்வளவுதான் தெரியும் என்று அவளே சொல்வாள். இருட்டோடு ராயப்பன்பட்டியில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து எஸ்டேட்டில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவள். கணவர் மரியராஜ் கோட்டயத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். கிறிஸ்துமஸுக்கும் திருவிழாவுக்கும்தான் ஊருக்கு வருவார். ஒரே மகள் பெனிட்டாவுக்கு இந்த வருடம் மதுரையில் ஆர்க்கிடெக்சர் படிக்க இடம் கிடைத்தது. லேப்டாப் கட்டாயம் என்றார்கள்.

ஜீப்பில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்ததாம்.

"கட்டடம் கட்ட கொத்தனாரு போதாதா? கம்ப்யூட்டரு எதுக்குடி?" என்றாளாம் கூடக் காய் எடுக்கப் போகும் மூக்கம்மாள்.

"உன் வீட்டுச் சுவரு கோணலா நிக்குதே, அதுக்குத்தான்" என்றாளாம் சித்தி.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் என்பதால், லேப்டாப் வாங்க என்னையும் தேனிக்குக் கூட்டிப்போனாள். கடையில் நின்ற கார்த்திக்ராஜ் பொறுமையான பையன்.

"சாதாரணப் படிப்புன்னா எட்டு ஜிபி ராம் போதும்மா. இது கட்டடப் படம். பதினாறு வேணும். கிராபிக்ஸ் கார்டும் தனியா இருக்கணும்."

"அது இல்லாட்டி என்னப்பா ஆகும்?"

"படத்தை நாலா பக்கமும் திருப்பிப் பாக்கும்போது அப்படியே நின்னுரும்மா. செஞ்ச வேலை போனாலும் போயிரும்."

அவன் சொன்னது சரி. நானும் அதையே சொன்னேன். கார்டு உள்ளது கார்டு இல்லாததைவிட இருபதாயிரம் கூட. விலைச் சீட்டைப் பார்த்த பெனிட்டா முந்திக்கொண்டாள்.

"எங்க காலேஜ்ல லேப் இருக்கும்மா. பெரிய வேலையெல்லாம் அங்கன செஞ்சுக்குவேன். இதுவே போதும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு ஆத்தா."

"போதும்னா போதும்மா."

கார்டு இல்லாததையே வாங்கினோம். சீல் பிரிக்காமல் ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்று சொல்லித்தான் கார்த்திக்ராஜ் கொடுத்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெனிட்டாவைத் தனியாகக் கேட்டேன். "அம்மாகிட்ட இருக்கறது கூரைப் பணம்க்கா" என்றாள். ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த சிமெண்ட் ஓட்டை மாற்றச் சித்தி சேர்த்துவைத்தது. "போன மழைக்கு ராத்திரி பூரா சட்டிய ஏந்திக்கிட்டு உக்காந்திருந்தாக. நான் எந்த வாயால கேக்க?"

எங்கள் ஊரில் எதையும் மந்திரிக்காமல், அதாவது சாமியார் ஜெபித்துத் தீர்த்தம் தெளிக்காமல், எடுத்துப் புழங்குவதில்லை. ஸ்கூட்டர், தையல் மிஷின், கிரைண்டர், எல்லாம் முதலில் கோயிலுக்குப் போகும். சாமியார் தியானத்துக்குப் போயிருந்ததால் லேப்டாப் பெட்டி பிரிக்கப்படாமல் மாதா படத்துக்குக் கீழே இருந்தது. தினமும் ஜீப்பை விட்டு இறங்கி வந்ததும் சித்தி அதைத் துடைத்து வைப்பாள். இன்னும் மாற்றலாம் என்று நான் ஜாடையாகச் சொன்னபோதெல்லாம் பெனிட்டா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிறு பூசை முடிந்து சாமியார் பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்தார். சித்திக்குப் போதவில்லை.

"இன்னுங் கொஞ்சம் தெளிங்க சாமி. எம் மக படிப்பு பூரா இதுக்குள்ளதான் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை நன்றாகவே தெளித்தார்.

அன்று மத்தியானம் கல்லூரியில் மேல் வகுப்பில் படிக்கும் பெண்ணிடமிருந்து போன் வந்தது. லேப் சாயங்காலமே பூட்டிவிடுவார்களாம், கார்டு இல்லாத லேப்டாப்போடு வந்த ஒருத்தி முதல் வருடமே பாடத்தில் தவறிப்போனாளாம். போனை வைத்த பெனிட்டா சாப்பிடவில்லை. சித்தி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

"கடையிலயே சொல்லியிருந்தா உன் வாயா வலிச்சிருக்கும்?" என்றாள் சித்தி. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பெனிட்டாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் சித்தி ஜீப்புக்குப் போகவில்லை. மூவரும் தேனிக்குப் போனோம். மந்திரித்ததைத் திருப்பிக் கொடுக்கிறோமே என்று சித்தி பெட்டியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுத்தான் மேசைமேல் வைத்தாள்.

கார்த்திக்ராஜ் சீலைப் பார்த்தான், சரி என்றான். பெட்டியைத் திருப்பினான். அட்டை ஒரு மூலையில் உப்பி, வட்ட வட்டமாகக் கறை படிந்திருந்தது.

"தண்ணி பட்டிருக்கேம்மா."

"தண்ணியில்லப்பா, தீர்த்தம்."

அவன் சிரிக்கவில்லை. முதலாளிக்குப் போன் போட்டு மெதுவாகப் பேசினான். சீல் பிரிக்காததுதான், ஆனால் ஈரம் பட்ட பெட்டியைக் கம்பெனி திரும்ப எடுக்காது. வேண்டுமென்றால் பழைய சாமான் என்று எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய விலையில் எட்டாயிரம் குறையும் என்றான்.

நான் அவனோடு வாதாடிப் பார்த்தேன். பிரித்துக் காட்டுகிறோம், உள்ளே ஒரு சொட்டு இருந்தால் கேள் என்றேன். "பிரிச்சா அதுவும் பழசுதான்க்கா" என்றான். அவன் முகத்திலும் சங்கடம் தெரிந்தது.

"வாம்மா, போவோம்" என்றாள் பெனிட்டா. "இத வச்சே நான் ஒப்பேத்திக்கிறேன்."

சித்தி நகரவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். "கூரைப் பணம். அன்னிக்கும் கொண்டாந்துதான் இருந்தேன்" என்றாள்.

"இங்கன பாரு. அந்தத் தம்பிய பாக்காத, அக்காவ பாக்காத. கார்டு வச்சது உனக்கு வேணுமா, வேண்டாமா?"

வெளியே கம்பம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"வேணும்மா."

"பழசுன்னே எழுதிக்கப்பா" என்றாள் சித்தி.

"கூரைக்கு என்னம்மா செய்வீக?"

"அதுக்குக் கீழ படுக்கப் போறது நானு. உனக்கென்ன?"

கார்த்திக்ராஜ் வேறு பெட்டி எடுக்க உள்ளே போனான். பெனிட்டா அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். சித்தி கையை விலக்கிக்கொண்டு பர்ஸின் ஜிப்பைத் திறந்தாள்.