சும்மா இருக்கும் கை

வாவிக்கரை மைதானத்தில் தாய்ச்சி என்ற சீன மெதுவசைவுப் பயிற்சி பழகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, முழங்கால் வலிக்காக என்று பொய் சொன்னேன். கணவர் சிரித்தார். “நீ மெதுவா அசைஞ்சு நான் கண்டதே இல்லகா,” என்றார். உண்மைதான். நான் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுத் தாதி. நான் நடந்து வந்தால், படுத்திருக்கும் தாய்மாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் காலும் வாயும் அவ்வளவு வேகம். ஆனால் அந்த நாட்களில் நான் பயந்துபோயிருந்தேன். ஒரு மாலை ரீவி பார்த்துக்கொண்டிருந்தபோது, மடியில் சும்மா கிடந்த இடக்கைப் பெருவிரல் தானாக ஆடியது.

அப்பாவுக்கும் ஒரு பெருவிரலில்தான் தொடங்கியது. பிறகு கை, பிறகு நடை. கடைசியில் அவர் சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்றே முகத்தில் தெரியாமல் போனது. நடுக்குவாதம். இத்தனை காலம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தும் நான் டொக்டரிடம் போகவில்லை. வேறு யாரும் இப்படி ஒளித்திருந்தால் வார்டே அதிர ஏசியிருப்பேன். பிஞ்சுக் கைகளில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவதுதான் என் வேலை. அது போய்விடுமோ, நானும் அப்பாவைப்போல் ஆகிவிடுவேனோ என்ற பயம் என் வாயைக் கட்டிப்போட்டது. நடுக்குவாத வருத்தக்காரருக்குத் தாய்ச்சி நல்லது என்று எங்கோ வாசித்திருந்தேன். அதனால்தான் களவாகப் போய்ச் சேர்ந்தேன்.

பழக்குபவர் என்னைவிட இளையவர். கட்டாரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த சீனர் ஒருவரிடம் தாய்ச்சியில் சென் என்ற பழைய பாணியைக் கற்றுக்கொண்டு வந்தவர். முதல் பாடத்தில் அசைவே இல்லை. முழங்காலை மடித்து, பெரிய மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோலக் கைகளை வளைத்து, அப்படியே நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தொடை எரிந்தது. கால் ஆடியது. பிறகு இரண்டு கைகளும் ஆடின. எனக்கு உயிரே போய்விட்டது.

“எல்லாருக்கும் நடுங்கும், மிஸ்ஸி,” என்றார். தாதிமாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “புதுசா நிக்கக்குள்ள அப்படித்தான். பயப்படாதீங்க.”

சுற்றிப் பார்த்தேன். தபால்கந்தோரில் வேலை செய்யும் பெண்ணுக்கு முழங்கை ஆடியது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபருக்குத் தாடையே ஆடியது. வாவியில் தோணி வலித்துப் போன ஒருவர், “என்ன, எல்லாருக்கும் குளிர்காய்ச்சலா?” என்று கத்தினார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஊர் பார்க்க நான் நடுங்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

அந்தச் சந்தோசம் குடிக்கப் பிளேன்ரீ வரும்வரைதான். பயிற்சி முடிந்து எல்லாரும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுடைய கைகள் அடங்கிவிட்டன. அப்போதுதான் என் இடக்கை தொடங்கியது. களைப்பில் வரும் நடுக்கம் ஓய்ந்தால் போய்விடும். அப்பாவின் நடுக்கமோ கை சும்மா இருக்கும்போதுதான் வரும், ஏதாவது பிடித்தால் அடங்கும். இதைத் தெரியாதவள்போல என்னால் இருக்க முடியவில்லை. ரீ முடிந்த பிறகும் வெறுங்கோப்பையை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டேன்.

அசைவுகள் பழகத் தொடங்கியதும் இது இன்னும் மோசமானது. காற்றில் மெதுவாக வட்டம் போடும்போது அந்தக் கை நல்ல பிள்ளையாக இருந்தது. நிறுத்தினால்தான் வினை. எல்லாரும் எப்போது உட்காரலாம் என்று பார்க்க, நான் மட்டும் “இன்னொருக்காச் செய்வமா தம்பி?” என்று கேட்பேன். “மிஸ்ஸியைப் பாருங்க, என்ன ஆர்வம்!” என்று அவர் மற்றவர்களை ஏசுவார். அதிபர் என்னை முறைப்பார்.

ஒருநாள் நின்று பழகி முடிந்ததும் பழக்குபவர், “இண்டைக்கு வேற மாதிரி,” என்றார். “எல்லாரும் இரிங்க. கை ரெண்டையும் மடியில வைங்க. ஒண்டும் செய்யாதீங்க.”

இடக்கையை வலக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொருவராகப் பார்த்து வந்து, “இறுக்காதீங்க, மிஸ்ஸி,” என்று என் வலக்கையை மெல்ல எடுத்து அப்பால் வைத்தார். பெருவிரல் சுட்டுவிரலோடு உரசி, மாத்திரை உருட்டுவதுபோல ஆடத் தொடங்கியது. அடங்கும் என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அது அடங்கவில்லை.

“நிண்டு களைச்சிருப்பீங்க,” என்றார்.

ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் இனி ஒளிக்க எனக்குத் தெம்பில்லை. “இல்ல தம்பி. இது நிண்டதால வாற நடுக்கம் இல்ல. எங்கட அப்பாட வருத்தம்.”

அவர் என் முன்னால் குந்தினார். “இதுக்கு எனக்கு வைத்தியம் தெரியாது, மிஸ்ஸி. டொக்டரிட்டப் போங்க. இஞ்சயும் வாங்க.”

வீட்டுக்கு வந்தபோது கணவர் முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். படியில் உட்கார்ந்து, கையை மடியில் விட்டு, “இஞ்ச பாருங்க,” என்றேன். என் அப்பாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர். நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். என் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். அதற்குள்ளும் அது ஆடியது. அவர் இன்னும் இறுக்கினார்.

“விடுங்க, பிடிச்சாலும் நிக்குதில்ல,” என்றேன்.

“உன்ட கை எப்பவோ நிண்டுட்டுகா,” என்றார். “இப்ப நடுங்கிறது என்ட கை.”