சரி சரி அத்தான்

யார் எதைச் சொன்னாலும் எங்கள் அத்தானின் பதில் ‘சரி சரி’தான். மழை வரும் போலிருக்கிறது என்றாலும் சரி சரி. உங்கள் சட்டையில் காக்கை எச்சம் போட்டுவிட்டது என்றாலும் சரி சரி. அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் அவர் இப்படி இல்லை, ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் வாய். ஆயுள் முழுக்க ஆணித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவருக்கு இந்த ஒரு சொல்தான் மிச்சமாகக் கிடைத்திருக்கிறது என்று நான் கேலி செய்வேன். கொழுந்தியாளுக்கு அந்த உரிமை உண்டு. அதை நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். கம்பிச் சுருள் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் ஆணியாகக் கொட்டும். ஒவ்வோர் ஆணிக்கும் தலை தட்ட ஓர் அடி. எல்லா இயந்திரங்களும் சேர்ந்து அடித்ததில் என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. உள்ளே யாரும் குரலால் பேசவில்லை, கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அத்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ‘என்னப்பா, பிள்ளை பெத்துட்டு வந்திருக்கியா?’ என்று எல்லாரும் ஓட்டவும், மறுநாளே பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டாராம்.

அக்காவுக்கு அவர்மேல் ஒரே ஒரு புகார்தான். ஆனால் அதை மூச்சுக்கு மூச்சு சொல்வாள். “இந்த மனுஷன் நான் சொன்னா மட்டும் காதுல வாங்க மாட்டார்டி. தெருமுனையில நின்னு ஆம்பளைங்களோட மணிக்கணக்கா சிரிச்சுப் பேசறார் இல்ல? நான் சமையல்கட்டுலேருந்து கூப்பிட்டா மட்டும் எங்க போகுது காது?”

சமையலறையில் ஒரு மின்விசிறி வேண்டும் என்று அவள் கேட்டது அப்படிப்பட்ட பல வேண்டுகோள்களில் ஒன்று. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தது. அடுப்படியில் நின்று வெளியே வரும்போது குளித்துவிட்டு வந்தவள் போல இருப்பாள். மின்விசிறி வந்தபாடில்லை. வந்தது ஒரு வேன்.

சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பழைய வண்டி. ஒருநாள் காலையில் அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை அக்காவின் கையில் வைத்து, “சந்தோஷமா?” என்று கேட்டாராம். அக்கா சாவியைப் பார்த்துத் தலை குனிந்தபடியே, “யாரைக் கேட்டு வாங்கினீங்க?” என்றாளாம். “சரி சரி” என்று சொல்லிவிட்டு அளவெடுக்கப் போய்விட்டார்.

அதன்பிறகு அவரை வேனுக்குள்தான் பார்க்க முடிந்தது. கட்டில் அடித்தார், அலமாரி அடித்தார், அடுப்புக்கு மேடை கட்டினார், கூரையில் சோலார் தகடு பதித்தார். ஆணிக்குப் பஞ்சமே இல்லாத மனிதர். குளிர் குறைந்ததும் இரண்டு பேருமாகக் கிளம்பி, கடலோரச் சாலையிலேயே போய், பிடித்த இடத்தில் தங்கி, மாதக்கணக்கில் சுற்றிவிட்டு வருவது என்பது திட்டம். அவருடைய திட்டம். அக்கா ஒப்புக்குத் தலையாட்டினாள், அவ்வளவுதான். என்னிடம் சொன்னது வேறு.

“இந்த வீட்டுல அவர் காதுல வாங்கலைன்னா நான் அடுத்த ரூமுக்குப் போயிடறேன். அந்த டப்பாக்குள்ள எங்கடி போவேன்? அவர் ஆசைக்கு வாங்கினார், அவரே போகட்டும்.”

இந்த வயதில் ஒருவர் கிளம்பிப் போய் ஒருவர் வீட்டிலேயே நின்றுவிட்டால், அது வெறும் பயணமாக இருக்காது. ஒருநாள் வேனில் போய் இருந்து பார், அப்புறம் முடிவு செய் என்று கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

அதற்குள் வாங்க வேண்டியிருந்தது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அக்காவுக்குக் கோழித் தூக்கம், குழாய் சொட்டினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கட்டிலுக்கு அடியிலேயே இருக்கப்போகும் சாமான் சத்தம் போடக் கூடாது. பேட்டரியையும் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது. கடைக்கு அக்கா வரவில்லை. துணைக்கு நான் போனேன்.

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, விலை மலிவான குளிர்பெட்டி. அது ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி காலி. இரண்டாவது, கேஸிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும், சத்தம் என்ற பேச்சே இல்லை. ஆனால் வண்டி சமதளத்தில் நின்றால்தான் ஒழுங்காகக் குளிரும், மின்சாரத்தில் போட்டாலோ முதலாவதைவிடப் பெரிய தின்னி. மூன்றாவது, வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியே கம்ப்ரெஸர் வைத்தது. குளிர்ந்ததும் தானாக நின்று ஓய்வெடுக்கும். மூடி மேல்பக்கமாகத் திறப்பதால் குளிர் கீழே கொட்டிப் போகாது. ராத்திரி முழுக்கப் போட்டு வைத்திருந்தாலும் காலையில் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்.

இத்தனையையும் நான்தான் அத்தானுக்கு இன்னொரு தடவை சொன்னேன். கடைக்காரரின் மீசை உதட்டை மூடிக்கொண்டு தொங்கியது. “நீ சொல்லு கண்ணாடிக்காரி” என்று அத்தான் ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பினார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் எனக்கு அந்தப் பெயர். என் அபிப்பிராயத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று நான் வேறு பூரித்துப்போனேன்.

கம்ப்ரெஸர் வகையிலேயே நாலைந்து இருந்தன. எல்லாவற்றையும் ஓடவிடச் சொல்லி, ஒவ்வொன்றின் மூடியிலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒன்றைத் தட்டிக்கொடுத்தார். “இதுல அதிர்வே இல்ல. உங்கக்கா நிம்மதியா தூங்குவா.” வாசலில் பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் எனக்கும் ஃப்ரிட்ஜின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போனோம். மரத்தடியில் வேனை நிறுத்திச் சாப்பிட்டோம். அக்கா மோரைக் குடித்துவிட்டு, நன்றாகத்தான் குளிர்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அத்தான் கதவோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுகூட அடங்கிய மதியம் அது.

கொஞ்ச நேரத்தில் எனக்கே அது கேட்டது. காதோரம் கொசு சுற்றுவது போல மெல்லிய, கூர்மையான இரைச்சல். ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கத்தில் சூட்டை வெளியே தள்ள ஒரு குட்டி விசிறி இருந்தது, அதிலிருந்துதான். அக்கா புரண்டு படுத்தாள், தலையணையைக் காதில் அழுத்திப் பார்த்தாள், கடைசியில் எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, ஃபேன் சத்தம் போடுது. என்னால தூங்க முடியலை.”

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். “என்ன?”

“ஃபேன் சத்தம்!”

அத்தான் சட்டென்று இறங்கினார். முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கினார். எஞ்சினுக்குள் தலையை விட்டு இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, “வண்டி ஆஃப்லதானே இருக்கு, எங்கேருந்து வரும் சத்தம்?” என்று கத்தினார்.

அக்கா பையை எடுத்துவிட்டாள். “பாத்தியா? நான் ஒண்ணு சொன்னா வேணும்னே ஒண்ணு பண்றார். போதும்டி. நான் எங்கயும் வரலை.”

நான் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் என்று அவள் சொன்னாள், வேனைத் திறந்து பார்க்கிறார். ஃபேனுக்கும் மேல்பல் கீழுதட்டில்தான் படும், வேனுக்கும் அங்கேதான். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல். பார்க்கிற கண்ணுக்கு என்று நினைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். எழுத்து தெரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள், முன்னால் போனவர் படித்ததை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

அக்காவிடம் வாயைத் திறக்காதே என்று ஜாடை காட்டிவிட்டு, இறங்கிப் போய் அத்தானின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

“அத்தான், உங்க சட்டை கிழிஞ்சிருக்கு.”

“சரி சரி.”

“அத்தான், இந்த வேனை ஏரியில தள்ளிடலாமா?”

“சரி சரி. இரு, பாத்துட்டு வரேன்.”

அக்காவின் கையிலிருந்த பை கீழே இறங்கியது.

நான் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேராக நின்று, அதே கேள்வியைக் கேட்டேன். ஏரியில் தள்ளுவதா என்று பதறினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பின்னால் வந்து நின்ற அக்காவைப் பார்த்து, பானெட்டை மெதுவாக இறக்கினார். திருட்டுத்தனம் அகப்பட்டுக்கொண்ட முகம்.

“எவ்வளவு நாளா?” என்றேன்.

“வேலையில இருக்கும்போதே. ஆம்பளைங்க குரல் விழுது. கனமா இருக்கற சத்தமெல்லாம் விழுது.” அக்காவின் பக்கம் பார்க்காமல் சொன்னார். “இவ குரல்தான் மொதல்ல போச்சு.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அழவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு. அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “ஏன் சொல்லலை? நான் நாய் மாதிரி கத்திக்கிட்டே இருந்தேனே! என் பேச்சுன்னா இளக்காரம்னு நினைச்சு நினைச்சு…”

“சொன்னா காதுல மிஷின் மாட்டச் சொல்லுவீங்க. அதோட நிக்கறவனைப் பார்த்தா உனக்கு எப்படி இருக்கும்?”

“இப்ப மட்டும் மன்மதன் மாதிரி இருக்கோ?”

அத்தான் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்சம் தைரியம் வந்து சொன்னார்: “நீ சொன்னது நிறைய விட்டிருப்பேன். ஆனா இவளே, ஒண்ணை மட்டும் விடலை. இத்தனை வருஷத்துல எனக்கு இது வேணும்னு நீ கேட்டு எனக்குத் தெளிவா விழுந்தது அது ஒண்ணுதான். குழாயைத் திறந்து விட்டுட்டு வேர்வையோட நின்னே. ‘ஒரு வேன் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்’னே. அந்த வாரம்தான் நம்ம தெருவுல ஒரு புருஷன் பொண்டாட்டி வேன்ல வந்து தங்கியிருந்தாங்க, நீ நின்னு பார்த்தே. அதான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தது. மேல்பல் கீழுதட்டில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. என்ன சொல்ல எடுத்த வாய் அது என்று எனக்குத் தெரியும். அந்தப் புழுங்கும் சமையலறையும், இத்தனை மாதம் அவள் விழுங்கிய கோபமும் எனக்குத் தெரியும்.

“வேன்தாங்க கேட்டேன்” என்றாள்.

அப்புறம்தான் அழுதாள். அத்தான் ஒன்றும் புரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

காது வைத்தியரிடம் காதும் காதும் வைத்தாற்போல் போய்விட்டு வரலாம் என்று அத்தான் சொன்னார். அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டே அழைத்துப் போனாள். மிஷின் மாட்டிய அன்று, நடந்துகொண்டே இருந்தவர் நின்று குனிந்து, “செருப்பு சத்தம் போடுதே, எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டார்.

ஃப்ரிட்ஜை மாற்ற இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள், கடை திறக்கும் நேரத்தில், தெரு சந்தடி தொடங்கும் முன்னால். ஒருமுறை மாட்டியதை எப்படித் திருப்பி எடுப்பது என்று கடைக்காரர் மீசைக்குள் முனகினார். அக்காவின் வாய்க்கு முன் அந்த மீசை எம்மாத்திரம். அத்தான் உள்ளங்கையை வைத்தார், அவள் காதை வைத்தாள். அதிர்வு இருந்ததை அவர் தள்ளினார், இரைந்ததை அவள் தள்ளினாள். இருவரும் ஒன்றாகத் தலையாட்டியது ஒன்றுக்குத்தான். அதில் விசிறி பெரிது, மெதுவாகச் சுற்றியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் போயிருந்தேன். வேனுக்குள் அடுப்பு மேடைக்கு மேலே அத்தான் ஒரு சின்ன ஃபேனை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டாளாம். வெளியே அவள் பாத்திரங்களைத் துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டு, “என்னங்க, ஃபேன் மாட்டியாச்சா?” என்று குரல் கொடுத்தாள்.

“மாட்டிக்கிட்டே இருக்கேன்!” என்றார் அத்தான், அவள் பக்கம் திரும்பாமலே, உதட்டைப் பார்க்காமலே. பிறகு திருப்புளி அப்படியே நின்றது. ஃபேன், என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வேன், என்று இன்னொரு முறை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா கண்ணாடிக்காரி, அன்னிக்கு உங்கக்கா கேட்டது வேன்தானே?”

எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“சரி சரி” என்றேன்.